மஞ்சள் அட்டை தொங்கும் கூண்டு

கூலாய்,
8 மார்ச் 2024

அன்புத் தம்பி மகேஸ்வரனுக்கு,

அக்கா புஷ்பவள்ளி எழுதுகிறேன். முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? சோறு ஆக்கிச் சாப்பிடுகிறாயா, இன்னும் பாக்கெட் நூடுல்ஸில்தான் ஓடுகிறதா?

போன ஞாயிறு உன் பக்கத்து வீட்டு ரூபேந்திரன் காரில் நீ கொண்டுவந்து இறக்கிய கிளிக் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு ஆளாளுக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நீ ஒருத்தன்தான் உயிருள்ள ஒன்றைக் கொடுத்தாய். உடம்பெல்லாம் மஞ்சள், முகம் மட்டும் பழுத்த பப்பாளி நிறம். குங்குமம் என்று பேர் வைத்துவிட்டேன்.

ஆனால் என் பழைய கிளி பச்சையம்மா இருக்கும் கூடத்தில் வைக்காமல் கூண்டைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது உன் முகம் வாடியதைக் கவனித்தேன். "பச்சையம்மா பக்கத்துல வைங்கக்கா, அதுக்கும் துணையா இருக்கும்" என்றாய். உன் காதில் விழும்படி விளக்க முடியவில்லை. செம்பனை எண்ணெய் ஆலையின் பாய்லர் இரைச்சல் உன் காதைத் தின்றதிலிருந்து, நான் போனில் கத்தினால் உனக்குக் கேட்கிறதோ இல்லையோ, பக்கத்து வீட்டு மலாய் அம்மா மக்சிக் என்ன சண்டை என்று ஓடி வருகிறார். நமக்குக் கடிதம்தான் சரி.

செனாய் ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் நான் உட்கார்ந்திருந்தது சாமான் வந்து இறங்கும் வாசலில். எந்தக் கம்பெனிச் சாமானாக இருந்தாலும் முதலில் மஞ்சள் அட்டை கட்டித் தனியாக வைப்போம். சோதித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவோம். மேனேஜரின் மச்சான் அனுப்பிய பெட்டியையும் அப்படித்தான் நிறுத்தினேன். தம்பி கொடுத்த கிளிக்கு மட்டும் வேறு சட்டமா?

பச்சையம்மாவுக்குப் பத்தொன்பது வயது. புதுக் கிளி பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே நோய் இருக்கும் என்று கிளி டாக்டர் லோஷினி சொல்கிறார். நாற்பத்தைந்து நாள் தனி அறை, தனிக் கிண்ணம். காலையில் பச்சையம்மாவைக் கவனித்துவிட்டுத்தான் குங்குமத்திடம் போவேன். வந்ததும் சட்டை மாற்றிக் கை கழுவுவேன். கூண்டில் பழைய மஞ்சள் அட்டை ஒன்றையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், சிரிக்காதே.

நீ உனக்கும் ஒன்று வாங்கினாய் என்று ரூபேந்திரன் சொன்னான். யாரிடம் வாங்கினாய்? பேரும் ஊரும் எழுது. டாக்டர் கேட்பார்.

அன்புடன்,
அக்கா

*

பெக்கோக்,
16 மார்ச் 2024

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி மகேஸ்வரன் வணக்கம். நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிக்கு நல்லெண்ணெய் தேய்ச்சுப் பாருங்க.

கடிதம் கிடைச்சது. படிச்சுட்டுக் கொஞ்சம் சிரிச்சேன், கொஞ்சம் வருத்தமாவும் இருந்துச்சு. கிளி என்னக்கா, ஜப்பான்ல இருந்து வந்த சாமானா? நான் கையில வச்சுப் பார்த்துத்தான் எடுத்தேன். கண்ணு பளபளன்னு இருக்கு, சத்தம் கணீர்னு இருக்கு. எனக்கே கேக்குதுன்னா பார்த்துக்குங்க.

என்னோடதை நான் எங்கயும் பூட்டி வைக்கல. காலையில தோசை சுட்டா என் தட்டுலயே வந்து கொத்தும். நான் பேப்பர் படிக்கும்போது தோள்ல உக்காந்து காதைக் கடிக்கும். கேக்காத காதை எவ்வளவு கடிச்சா என்னன்னு விட்டுட்டேன். கூண்டைக் கட்டில் பக்கத்துலதான் வச்சிருக்கேன். என் வீட்டுக்காரி அன்னபூரணி போனதுல இருந்து இந்த வீட்டுல நான் யார்கிட்டயும் "சாப்பிட்டியா"ன்னு கேட்டதில்ல. இப்ப கேக்கறேன்.

வாங்கினது தெரிஞ்ச ஆள்கிட்டதான். பேர் சொன்னா உங்களுக்குத் தெரியாது. விடுங்க.

தம்பி,
மகேஸ்வரன்

*

கூலாய்,
24 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு,

எனக்கு முட்டி பரவாயில்லை. உன் உடம்புக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். வெயில் இங்கே மண்டையைப் பிளக்கிறது, அங்கேயும் அப்படித்தான் இருக்கும். தண்ணீர் நிறையக் குடி.

நேற்று குங்குமத்தை டாக்டர் லோஷினியிடம் கொண்டு போனேன். துண்டில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வாய்க்குள் ஒரு பஞ்சுக் குச்சி, பின்பக்கம் ஒரு பஞ்சுக் குச்சி, காலில் ஒரு சொட்டு ரத்தம், நெஞ்சில் இரண்டு இறகு. அவ்வளவுதான். ஆனால் அது போட்ட கூச்சலில் வெளியே பூனையோடு காத்திருந்த சீன அம்மா எழுந்து நின்றுவிட்டார். மூன்று நோய்க்கு டெஸ்ட். இறகும் அலகும் கெடும் நோய் ஒன்று, குஞ்சுகளைக் கொல்லும் வைரஸ் ஒன்று. மூன்றாவதுதான் மனிதருக்கும் ஒட்டுமாம். எச்சம் காய்ந்து தூசியாகப் பறக்கும்போது மூச்சில் போய்விடும் என்றார். அதனால் கூண்டைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போடுகிறேன். காகிதத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகுதான் எடுக்கிறேன். நீயும் அப்படியே செய். தட்டில் கொத்த விடாதே. கட்டில் பக்கத்திலிருந்து கூண்டை எடு. துணைக்குத்தான் வைத்திருக்கிறாய், புரிகிறது. அடுத்த அறையில் இருந்தாலும் அது துணைதான்.

குங்குமத்துக்கு டாக்டர் போட்ட கார்டில் "வாங்கிய இடம்" என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. "அவங்ககிட்ட வேற கிளியும் இருக்குமே ஆண்டி, ஏதாவது வந்தா எல்லாரையும் எச்சரிக்கணும் இல்லையா?" என்று டாக்டர் கேட்டார். தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். காலிக் கட்டம் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியும்.

ரிசல்ட் பத்து நாளில் வரும்.

அன்புடன்,
அக்கா

*

பெக்கோக்,
2 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

வணக்கம். லேசா சளி, வேற ஒண்ணும் இல்ல. வெயில்ல வெளிய போயிட்டு வந்து ஐஸ் தண்ணி குடிச்சேன், அதான். நீங்க நல்லா இருங்க.

கூண்டை அடுத்த ரூமுக்கு மாத்திட்டேன். ராத்திரி கத்துச்சு, திரும்பக் கொண்டு வந்துட்டேன்.

வித்தவரைப் பத்தித் திரும்பத் திரும்பக் கேக்கறீங்க. அவரு நல்ல மாதிரி அக்கா. இப்பதான் இந்தத் தொழிலை ஆரம்பிச்சிருக்காரு. கூண்டெல்லாம் அவரே பைப் போட்டுக் கழுவி வைக்கிறாரு. சின்ன வயசுல இருந்தே அவனுக்குப் பறவைன்னா உயிரு. நாலு பேர் தப்பாப் பேசினா தொழில் படுத்துரும். அதனால கேக்காதீங்க.

தலை வலிக்குது. அப்புறம் எழுதறேன்.

மகேஸ்வரன்

*

கூலாய்,
5 ஏப்ரல் 2024

தம்பி மகேஸ்வரனுக்கு,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. இந்தக் கடிதமே அந்த விசாரிப்புதான். உட்கார்ந்து முழுதாகப் படி.

ரிசல்ட் வந்துவிட்டது. இரண்டு நோய் இல்லை. மூன்றாவது இருக்கிறது. சிட்டகோசிஸ் என்று பேர், கிளிக் காய்ச்சல் என்றும் சொல்வார்களாம். குங்குமம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நேற்றுக்கூட அரை கொய்யாப்பழம் தின்றது. டெஸ்ட் எடுத்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

மருந்து ஆரம்பித்துவிட்டோம். நாற்பத்தைந்து நாள், ஒரு நாளும் தவறக் கூடாது. கிளி கொறிக்கக் கூண்டில் மாட்டிய கணவாய் மீனின் ஓட்டைக் கழற்றிவிட்டேன், அந்தச் சுண்ணாம்புச் சத்து மருந்தை வேலை செய்ய விடாதாம். பச்சையம்மாவையும் சோதிக்கக் கொடுத்திருக்கிறேன். எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தமாக இருக்கிறது.

இனி உன்னைப் பற்றி. சளி, தலைவலி என்று எழுதியிருக்கிறாய். கிளினிக்குக்குப் போ. உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையே "வீட்டில் கிளி வளர்க்கிறேன், இந்த நோய் இருக்கலாம்" என்று சொல். ரிப்போர்ட் காப்பியை இத்துடன் வைத்திருக்கிறேன், அதைக் காட்டு. நேற்று உன் போனுக்கும் படம் அனுப்பினேன், நீ பார்க்கவில்லை. நாலு முறை அடித்தேன், எடுக்கவில்லை. அதனால் அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

இன்னொன்று. போன கடிதத்தில் விற்றவரை மூன்று வரி "அவரு" என்று எழுதிவிட்டு, நாலாவது வரியில் "அவனுக்கு" என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்து உனக்குத் தெரிந்தவன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் யாராக இருந்தாலும், அவனிடம் கிளி வாங்கிய மற்றவர்கள் வீட்டிலும் இந்த நோய் இருக்கலாம் என்று அவனுக்குச் சொல்லிவிடு.

உடனே பதில் போடு.

அக்கா

*

கூலாய்,
17 ஏப்ரல் 2024

காளிதாஸுக்கு,

உன் அத்தை புஷ்பவள்ளி எழுதுகிறேன். நீ நலமாக இருக்க வேண்டும். நேற்று போனில் என் குரல் கேட்டதும் நீ கட் பண்ணினாய். அதனால் இதை ரூபேந்திரன் கையில் கொடுத்து ரெங்கத்துக்கு அனுப்புகிறேன். கிழித்துப் போடாமல் படி.

என் தம்பி, உன் அப்பா, சிகாமட் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இப்போது ஆபத்து இல்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்.

ஐந்தாம் தேதி நான் போட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ராயா நோன்புப் பெருநாள் விடுமுறை, தபால் ஓடவில்லை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ரூபேந்திரனும் ஊரில் இல்லை. சனிக்கிழமை காலையில் மனசு கேட்கவில்லை, பஸ் பிடித்து பெக்கோக் போய்விட்டேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உன் அப்பா கட்டிலில் படுத்திருந்தார். தொட்டால் அடுப்புக் கல் மாதிரி சுடுகிறது. மூச்சு இழுக்கிறது. அந்த நிலையிலும் கிளிக்குத் தண்ணீர் மாற்றி வைத்திருந்தார்.

என் கடிதம் தலையணைக்கு அடியில் இருந்தது. பிரித்துப் படித்த கடிதம். ரிப்போர்ட் நாலாக மடித்து உள்ளேயே இருந்தது. மேசையில் ஒரு கிளினிக் மருந்துப் பொட்டலம். "டாக்டர்கிட்ட கிளியைப் பத்திச் சொன்னியாடா?" என்று காதுக்குள் கத்தினேன். தலையை ஆட்டி இல்லை என்றார். "ஏன்?" என்றேன். கிளி இருந்த பக்கம் திரும்பிப் படுத்தார்.

வெளியூரிலிருந்து அப்போதுதான் திரும்பிய ரூபேந்திரன் காரை எடுத்தான். ஆஸ்பத்திரியில் வாசலிலேயே அந்த ரிப்போர்ட்டை நீட்டினேன். சின்ன வயது மலாய் டாக்டர், வாங்கிப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, இது நல்லதாப் போச்சு. இல்லேன்னா சாதாரண நிமோனியான்னு நினைச்சு வேற மருந்துல நாள் போயிருக்கும்" என்றார். அன்றைக்கே மருந்தை மாற்றினார்கள். மறுநாள் சித்திரைப் புத்தாண்டு. ஊரெல்லாம் கோயிலில் இருந்தது, நான் வார்டு நாற்காலியில் இருந்தேன். திங்கள் காலையில் காய்ச்சல் விட்டது. கண் திறந்து முதலில் கேட்டது, "காளிதாஸ் பேரைச் சொல்லிட்டீங்களா?" என்றுதான்.

உன்னைக் காப்பாற்றத்தான் அவர் கிளினிக்கில் வாயைத் திறக்கவில்லை. கிளி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே என்று பயம். உயிர் போனாலும் பரவாயில்லை என்று இருந்திருக்கிறார்.

நானும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். "அவனுக்கு" என்று அவர் எழுதிய அன்றே எனக்குத் தெரியும், அது நீதான் என்று. உன் பேரைக் கேட்க எனக்கு மனசு இல்லை. உன் அம்மா சாவுக்கு நீ வரவில்லை என்று மூன்று வருஷமாக உன் மேல் கோபம். அந்தக் கோபத்தில் நேராகக் கேட்காமல் விட்டேன். கேட்டிருந்தால் ஒரு வாரம் முன்பே அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்.

இப்போது வேலையைப் பார். விற்பனையை இன்றைக்கே நிறுத்து. யார் யாரிடம் கிளி கொடுத்தாயோ, ஒவ்வொருவருக்கும் நீயே போன் செய். எல்லாக் கிளிக்கும் டெஸ்ட் எடு. கால்நடை இலாகாவிடம் நீயாகவே போய்ச் சொல். ஒளித்தால்தான் தொழில் போகும்.

அப்பாவைப் போய்ப் பார். மூன்றாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில்.

அத்தை

*

ரெங்கம்,
20 ஏப்ரல் 2024

அத்தைக்கு,

காளிதாஸ் எழுதறேன். எனக்குக் காய்ச்சல் இல்ல, எக்ஸ்ரே எடுத்தாச்சு, கிளியர். உங்க உடம்பையும் பார்த்துக்குங்க.

உங்க குரல் கேட்டதும் கட் பண்ணினது தப்பு. திட்டத்தான் கூப்பிடறீங்கன்னு நினைச்சேன். கடிதம் வந்த அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பா என்னைப் பார்த்துட்டு, "கிளிக்குச் சாப்பாடு வச்சியா?"ன்னு கேட்டாரு. நான் கஞ்சி ஊட்டினேன், சாப்பிட்டாரு.

என்கிட்ட இருபத்து மூணு கிளி இருக்கு. இதுவரைக்கும் பதினோரு பேருக்குக் கொடுத்திருக்கேன். பதினோரு பேருக்கும் போன் பண்ணிட்டேன். நாலு பேர் கத்தினாங்க. ஒருத்தர் பேஸ்புக்ல போட்டுடுவேன்னாரு, போடுங்க, எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்னு சொன்னேன். குளுவாங்ல வாசுகின்னு ஒரு டீச்சர், ஆறு நாளா இருமல்னு சொன்னாங்க. உங்க கிளியோட ரிப்போர்ட்டைப் போன்ல அனுப்பி உடனே டாக்டர்கிட்டப் போகச் சொன்னேன். அவங்களுக்கும் அதேதான். இப்ப மருந்து சாப்பிடறாங்க. நீங்க எழுதலேன்னா நான் அவங்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்.

எங்க இருந்து வந்திருக்கும்னு யோசிச்சேன். ஜனவரியில ஒரு ஆள்கிட்ட ஆறு கிளி மொத்தமா எடுத்தேன். நல்லா இருந்துச்சுன்னு நேரா மத்ததோட விட்டுட்டேன். லைசென்ஸ் எல்லாம் இருக்கு அத்தை, திருட்டுக் கிளி இல்ல. தெரியாத தப்புதான், ஆனா என் தப்பு. இலாகாவுக்குப் போய்ச் சொல்லிட்டேன். டெஸ்ட் எடுக்க வந்தாங்க.

அம்மா விஷயத்தையும் சொல்லிடறேன், திரும்ப எழுத மாட்டேன். அப்ப கொரோனா, பார்டர் மூடியிருந்துச்சு. சிங்கப்பூர்ல இருந்து வர அனுமதிக்கு அம்மா ஆஸ்பத்திரியில சேர்ந்த அன்னிக்கே எழுதிப் போட்டேன். அம்மா போனது வியாழக்கிழமை. அனுமதி வந்தது அடுத்த திங்கள்கிழமை. வந்தாலும் பதினாலு நாள் ஓட்டல் ரூம்ல பூட்டி வச்சிருப்பாங்க. யாரைப் பார்க்க வர்றது? அந்த ஈமெயிலைப் பார்த்துட்டு டார்மிட்டரி மாடிப்படியில உக்காந்திருந்தேன். நீங்க போன் பண்ணி, "உனக்குச் சம்பளம்தான் அம்மா"ன்னு சொல்லிட்டு வச்சுட்டீங்க. அப்பா பேசவே இல்ல. என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கல. அதனால நானும் சொல்லல.

போன டிசம்பர்ல திரும்பி வந்து இந்த இடத்தை வாடகைக்கு எடுத்தேன். பிப்ரவரியில ஒரு நாள் அப்பா தானா வந்து வேலிக்கு வெளிய நின்னாரு. ஒரு மணி நேரம் கிளியைப் பார்த்தாரு. அப்புறம், "ரெண்டு குடு, ஒண்ணு அக்காவுக்கு"ன்னாரு.

காளிதாஸ்

*

கூலாய்,
23 ஏப்ரல் 2024

அன்பு மருமகன் காளிதாஸுக்கு,

உன் கடிதத்தைக் காலையிலிருந்து மூன்று முறை படித்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

"உனக்குச் சம்பளம்தான் அம்மா" என்று நான் சொன்னது உண்மை. எந்த நேரத்தில், எந்த இடத்தில் நின்று சொன்னேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. முப்பத்தோரு வருஷம் எந்தப் பெட்டியையும் திறந்து பார்க்காமல் நான் திருப்பி அனுப்பியதில்லை. சொந்த அண்ணன் தம்பி பிள்ளை என்று எனக்கு இருப்பவன் நீ ஒருத்தன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு. மன்னிக்க நாளாகும் என்றால் நாளாகட்டும், நான் இங்கேதான் இருக்கிறேன்.

பதினோரு பேருக்கும் நீயே போன் செய்தாயே, அந்த ஒன்றில் உன் அம்மாவைப் பார்த்தேன். அன்னபூரணிக்கும் ஒளிக்கத் தெரியாது.

சனிக்கிழமை ரெங்கம் வருகிறேன். மருந்து கொடுக்கும் கிளியை மூன்று கூட்டமாகப் பிரிக்கணும். ஒவ்வொரு கூண்டுக்கும் அட்டை: வந்த நாள், மருந்து ஆரம்பித்த நாள், முடியும் நாள். ஒரு கூட்டத்தின் கிண்ணம் இன்னொரு கூட்டத்துக்குப் போகக் கூடாது, அதனால் கிண்ணத்துக்கெல்லாம் நிறம் அடிக்கணும். பெயின்ட் நான் கொண்டு வருகிறேன். பெக்கோக் கிளியையும் உன் இடத்துக்குக் கொண்டு வந்து தனியாக வை. டாக்டர் லோஷினி உன்னிடம் பேசத் தயாராக இருக்கிறார்.

பச்சையம்மா ரிப்போர்ட் வந்தது. அதற்கு நோய் இல்லை.

அன்புடன்,
அத்தை

*

பெக்கோக்,
20 மே 2024

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. நெஞ்சு லேசா இருக்கு. மாடிப்படி ஏறினாத்தான் மூச்சு வாங்குது. சோறு ஆக்கித்தான் சாப்பிடறேன், சத்தியமா. உங்க முட்டியைக் கேட்டதாச் சொல்லுங்க.

நேர்ல சொல்ல வாய் வரல, அதனால எழுதறேன். உங்ககிட்ட மறைச்சேன். ஏன்னா நான் ஒரு கணக்கு போட்டிருந்தேன். முதல்ல நீங்க கிளியோட பழகணும். பேர் வைக்கணும், மடியில வச்சுக் கொஞ்சணும். மூணு மாசம் போகட்டும். அப்புறம் ஒரு நாள், "இது யாரு வளர்த்தது தெரியுமா அக்கா?"ன்னு கேட்டு அவனைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தலாம்னு இருந்தேன். நீங்க முதல் நாளே அதைப் பின்னறையில போட்டுப் பூட்டிட்டீங்க. எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

கிளினிக்ல வாயைத் திறக்காதது முட்டாள்தனம். அவன் தலை எடுக்கறதுக்குள்ள நானே தட்டி விட்டுடக் கூடாதுன்னு மட்டும்தான் நினைச்சேன். ஒரு தடவை அவனைத் தட்டி விட்டாச்சே அக்கா. அம்மா செத்த பையன்கிட்ட மூணு வருஷம் பேசாம இருந்தவன் நான். நீங்க ஒரு வார்த்தைதான் சொன்னீங்க. நான் ஒண்ணுமே சொல்லல. அது பெரிசு.

இப்ப ஞாயிற்றுக்கிழமை ஆனா வர்றான். மீன் வாங்கிட்டு வர்றான், அவனே வறுக்கறான், கருக்கிடறான். பேச்சு அதிகம் இல்ல. போன வாரம் என் காதுக்கு மெஷின் பார்க்க ஜோகூர் பாருவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னான். வேண்டாம்னேன். "நான் பேசறது உங்களுக்குக் கேக்கணும்பா"ன்னு சொன்னான். சரின்னுட்டேன்.

கிளி இல்லாத வீடு சத்தமே இல்லாம இருக்கு. எப்ப தருவீங்க?

தம்பி,
மகேஸ்வரன்

*

கூலாய்,
14 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

உன் காது மெஷின் எப்படி இருக்கிறது? என் உடம்பு தேவலை. சனிக்கிழமைதோறும் ரெங்கம் கொட்டகையில் நின்று நின்று முட்டியே பழகிவிட்டது.

எல்லா ரிசல்ட்டும் வந்துவிட்டது. காளிதாஸ் உனக்குச் சொல்லியிருப்பான். இருந்தாலும் நான் ஒரு முறை எழுதினால்தான் எனக்கு முடிந்த மாதிரி இருக்கும்.

இருபத்து மூன்றில் இரண்டு செத்துப் போயின. ஒன்று வயதான பெண் கிளி, ஒன்று குஞ்சு. குஞ்சு செத்த அன்றைக்கு அவன் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றான். நான் கூடப் போகவில்லை. வந்ததும், "மீதி இருபத்தொண்ணுக்கு மருந்து நேரம் ஆச்சு" என்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். அந்த இருபத்தொன்றுக்கும் இப்போது நோய் இல்லை. மருந்து முடிந்து ஒரு முறை, மூன்று வாரம் விட்டு மறுபடி ஒரு முறை, இரண்டு தடவையும் சுத்தம். உன் கிளியும் என் குங்குமமும் அப்படித்தான். அடுத்த ஞாயிறு அவனே உன் கிளியைக் கொண்டு வருவான். கட்டில் பக்கத்தில் வைக்காதே என்று சொன்னால் கேட்கப் போகிறாயா? ஜன்னலையாவது திறந்து வை. தட்டில் கொத்த விடாதே. அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

வாசுகி டீச்சர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டார். கிளியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. இன்னொன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

இன்று காலை குங்குமத்தின் கூண்டைக் கூடத்துக்குக் கொண்டு வந்தேன். பச்சையம்மா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். குங்குமம் கத்து கத்தென்று கத்தியது. மத்தியானம் போய்ப் பார்க்கிறேன், இரண்டும் கம்பியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒட்டி உட்கார்ந்து தூங்குகின்றன. மக்சிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அன்புடன்,
அக்கா

*

ரெங்கம்,
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அத்தைக்கு,

நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். அப்பா மெஷினைப் போட்டுக்கிட்டு, இவ்வளவு நாளா கிளி இவ்வளவு சத்தமாவா கத்துச்சுன்னு கேக்கறாரு. உங்களுக்குச் சௌகரியம்தானே?

போன வாரம் மறுபடி விற்பனை ஆரம்பிச்சேன். ஒவ்வொரு கிளியோடவும் டெஸ்ட் ரிப்போர்ட் கொடுக்கறேன். நேத்து ஜோகூர் பாருல இருந்து ஒருத்தர் வந்தாரு. அவருக்குப் பிடிச்சது புதுசா எடுத்த கிளி, இன்னும் தனி அறையில இருக்கு, பதினெட்டு நாள் பாக்கி. "அதெல்லாம் பரவால்ல லா, இப்பவே குடுங்க"ன்னாரு. முடியாதுன்னேன். கோவிச்சுக்கிட்டுக் காரை எடுத்தாரு. அரை மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்து பேர் எழுதிட்டுப் போனாரு.

அத்தை, இன்னொரு விஷயம். பதினேழாம் தேதி சனிக்கிழமை அம்மாவுக்குத் திதி. மூணு வருஷமா அப்பா தனியா செஞ்சாரு. இந்த வருஷம் என்னைச் செய்யச் சொல்லியிருக்காரு. பெக்கோக் வீட்டுலதான். எனக்கு என்ன செய்யணும், எப்படிச் செய்யணும்னு ஒண்ணும் தெரியாது. அம்மா படத்துக்கு முன்னாடி நான் இதுவரைக்கும் நின்னதே இல்ல. வீட்டுக்குப் போறப்பெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமலே அடுப்படிக்குப் போயிடறேன்.

நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க.

காளிதாஸ்

*

கூலாய்,
12 ஆகஸ்ட் 2024

அன்பு காளிதாஸுக்கு,

சௌகரியத்துக்குக் குறைவில்லை. மக்சிக்கிடம் கிளிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துவிடுகிறேன்.

படையலுக்கு நெத்திலி சம்பலும் தேங்காய்ப் பால் சோறும் கட்டாயம் வேண்டும், உன் அம்மாவுக்கு அது இல்லாமல் இறங்காது. சம்பல் நான் செய்கிறேன். அப்பாவை மீன் பக்கம் விடு, நீ போகாதே, கருக்கிவிடுகிறாய் என்று கேள்வி. வாழை இலை, வெற்றிலை, பூ நீ வாங்கு. இதில் தெரிந்துகொள்ள அவ்வளவுதான்.

பக்கத்தில் நிற்கிறேன். ஆனால் கற்பூரம் நீதான் ஏற்றணும், நான் தொட மாட்டேன். சொல்ல வேண்டியதை உன் அம்மாவிடம் நீயே சொல். நானும் அப்பாவும் குறுக்கே பேச மாட்டோம். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, சோறு ஆறினாலும் சரி.

அன்புடன்,
அத்தை